காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

திருச்சியிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போயிருக்கும் தோழர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. நல்ல தூக்கத்தில் வண்டி நெடுஞ்சாலை ஓரமாக ஒதுங்கி நிற்கும். ஒரு பையன் வந்து வண்டியின் தகரத்தில் தடதடவென்று தட்டி, "பத்து நிமிஷம் நிக்கும், டீ, காபி, டிபன் சாப்பிடறவங்க இறங்குங்க!" என்று கத்துவான். இறங்கிப் பார்த்தால் சுற்றிலும் பொட்டல். ஒரே ஒரு ஓட்டல். டீ, ஊரில் குடிப்பதைப்போல இரண்டு பங்கு விலை. டிரைவரும் கண்டக்டரும் மட்டும் உள்ளே தனி மேஜையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பில் வராது.

யாராவது முணுமுணுத்தால் ஓட்டல்காரர் என்ன சொல்வார்? "உங்களை யார் கட்டாயப்படுத்தியது? பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போங்களேன்!" என்பார். அந்தப் பொட்டலில், அந்த வேளையில், பத்து நிமிஷத்துக்குள் வேறு கடைக்கு எங்கே போவது? போகிற உரிமை இருக்கிறது. போக வழிதான் இல்லை.

இந்த ஓட்டல் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய வியாபாரங்களில் ஒன்று இந்தக் கணக்கின் மீதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

நம்மில் போன் இல்லாதவர் இன்று குறைவு. பி.எஃப். பணம் வந்ததா என்று பார்க்கிறோம். நெல் விலை என்ன, மழை வருமா, எந்த ஊரில் வேலை இருக்கிறது என்று தேடுகிறோம். இப்படிப் பார்ப்பதற்கும் தேடுவதற்கும் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரு வாகனம் இருக்கிறது. அதற்கு உலாவி என்று பெயர். நாம் ஏறி உட்காருகிற பஸ் அது. எந்த ஓட்டல் வாசலில் நிறுத்த வேண்டும் என்பது நாம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

இந்த உலாவிகளில் ஒன்று ஃபயர்பாக்ஸ். அதைச் செய்தவர்கள் அதன் மூல நிரலை, அதாவது அந்த யந்திரத்தின் முழு வரைபடத்தை, உலகத்தின் முன்னால் விரித்து வைத்திருக்கிறார்கள். ஆலையில் ஃபிட்டராக இருக்கும் தோழருக்கு இதன் அருமை உடனே விளங்கும். ஒரு மெஷினைக் கம்பெனிக்காரன் சீல் வைத்து அனுப்புகிறான். உள்ளே கை வைத்தால் கியாரண்டி போயிற்று. ஸ்பேர் அவனிடம்தான் வாங்க வேண்டும். ரிப்பேருக்கு அவன் ஆள்தான் வர வேண்டும். இன்னொரு மெஷினின் வரைபடம் ஷெட் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. யாரும் திறக்கலாம், பழுது பார்க்கலாம், அதேபோல ஒன்று செய்து பக்கத்து ஆலைக்கும் கொடுக்கலாம். இந்த இரண்டாவது ரகத்துக்குத்தான் திறந்த மூல மென்பொருள் என்று பெயர்.

ஃபயர்பாக்ஸ் பிறந்த கதையே ஒரு ஏகபோகத்தை எதிர்த்த கதைதான். 1990களின் பிற்பாதியில் மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் உலாவியை விண்டோஸோடு சேர்த்தே கட்டிக் கொடுத்து, நெட்ஸ்கேப் என்ற போட்டிக் கம்பெனியை நசுக்கியது. சாகிற தருவாயில் நெட்ஸ்கேப் ஒரு நல்ல காரியம் செய்தது. 1998 மார்ச்சில் தன் உலாவியின் மூல நிரலைப் பகிரங்கமாக வெளியிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு உழைத்தவர்களின் ஸ்தாபனம் மொஸில்லா. நெட்ஸ்கேப்பை விலைக்கு வாங்கியிருந்த ஏ.ஓ.எல். கம்பெனி 2003 ஜூலையில் அந்தக் கடையை மூடியபோது, 20 லட்சம் டாலரைக் கையில் கொடுத்து மொஸில்லாவை லாப நோக்கமில்லாத அறக்கட்டளையாகத் தனியே அனுப்பிவிட்டது.

2004 நவம்பர் 9ந் தேதி ஃபயர்பாக்ஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்கு ஒரு விளம்பரம். எந்த முதலாளி கொடுத்தான்? எவனும் இல்லை. சுமார் பத்தாயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சமாகக் கைக்காசு போட்டுக் கொடுத்த விளம்பரம் அது. கொடுத்தவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் அந்தப் பக்கத்திலேயே அச்சாகியிருந்தன. இந்தக் கட்டுரையில் வரப்போகும் விளம்பரங்களில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். பின்னால் தமிழிலும் ஃபயர்பாக்ஸ் வந்தது. அதை மொழிபெயர்த்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

சரி, ஒரு தடவை வசூல் செய்த பணத்தில் ஒரு விளம்பரம் போடலாம். வருஷம் முழுவதும் நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? இங்கேதான் ஓட்டல்காரர் வருகிறார்.

ஃபயர்பாக்ஸில் ஒரு தேடல் பெட்டி உண்டு. அதில் எதைத் தட்டினாலும் கூகுள் வாசலில் போய் இறங்கும்படி ஏற்பாடு செய்தார்கள். கூகுள் விடையோடு விளம்பரமும் காட்டுகிறது. அந்த விளம்பரத்தால் வரும் பணத்தில் ஒரு பங்கு மொஸில்லாவுக்கு. 2005ல் மொஸில்லாவின் வருமானம் 5 கோடியே 29 லட்சம் டாலர். 2006ல் 6 கோடியே 68 லட்சம் டாலர். அதில் நூற்றுக்கு 85 பங்கு கூகுள் ஒருவரிடமிருந்தே வந்தது. 2011ல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

"யாருக்கும் நஷ்டமில்லையே! பயணிக்கு இலவச வண்டி, டிரைவருக்குச் சாப்பாடு, ஓட்டலுக்கு வியாபாரம்" என்று சிலர் கேட்கிறார்கள். கூகுளுக்கு விளம்பரப் பணம் கொடுக்கிற கம்பெனி அதைத் தன் பெட்டியிலிருந்தா கொடுக்கிறது? சோப்பு விலையிலும் செருப்பு விலையிலும் ஏற்றி வைக்கிறது. சோப்பு வாங்கும் கூலிக்காரர், ஃபயர்பாக்ஸ் என்ற பெயரையே கேள்விப்படாதவர், இந்தப் பணத்தைக் கட்டுகிறார். இன்ன வேலைக்கு இவ்வளவு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை; ரசீதும் கொடுக்கவில்லை. வரி என்றால் சட்டசபையில் ஒரு விவாதமாவது நடக்கும்.

இதற்குள் ஓட்டல்காரருக்கு ஒரு யோசனை வந்தது. பஸ்ஸை நிறுத்தப் பணம் கொடுப்பானேன், நாமே பஸ் விட்டால் என்ன? 2008 செப்டம்பரில் கூகுள் தன் சொந்த உலாவியான குரோமை வெளியிட்டது. அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. நம் ஊர்க்காரர் என்று பெருமைப்படுகிறவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். 2015 முதல் அவர்தான் கூகுளுக்கே தலைமை நிர்வாகி.

நியாயமாகச் சொல்ல வேண்டும். குரோம் மோசமான வண்டியல்ல. வந்த புதிதில் மற்றவற்றைவிட வேகமாகவே ஓடியது. ஆனால் வேகம் ஒன்றினால் மட்டும் அது ஜெயித்துவிடவில்லை. உலகமே வந்து போகும் தன் தேடல் பக்கத்திலேயே கூகுள் அதற்கு விளம்பரம் செய்தது. பிறகு ஆண்ட்ராய்டு போன்களில், கடையில் வாங்கும்போதே குரோம் உள்ளே உட்கார்ந்திருந்தது. நம் நாட்டுப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுளின் நடத்தை முறையற்றது என்று கூறி 1,337 கோடியே 76 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2023 மார்ச்சில் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

ஃபயர்பாக்ஸ் என்ன ஆயிற்று? 2009, 2010 வாக்கில் நூற்றுக்கு முப்பது பேர் அளவுக்கு அதில் பயணம் செய்தார்கள். இன்றைக்குப் போனையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறமாட்டார்கள். ஆனால் ஒரு விசித்திரம்! பயணிகள் இப்படி இறங்கிப் போன பிறகும் ஓட்டல்காரர் பணம் கொடுப்பதை நிறுத்தவில்லை. தன் சொந்த பஸ் கம்பெனிக்குப் போட்டியாக ஓடுகிற வண்டிக்கு ஆண்டுதோறும் பல கோடி டாலர் அளக்கிறார். தர்ம சிந்தனையா? என் ஊகத்தைச் சொல்கிறேன். மிச்சமிருக்கும் பயணிகளும் வேறு ஓட்டலுக்குப் போய்விடக் கூடாது என்பது ஒன்று. "பாருங்கள், எனக்குப் போட்டியாளர் இருக்கிறாரே, நான் எப்படி ஏகபோகம் ஆவேன்?" என்று கோர்ட்டில் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்பது இன்னொன்று.

இடையில் ஒரு தடவை மொஸில்லா கூகுளை விட்டு விலகியும் பார்த்தது. 2014ல் அமெரிக்காவில் யாஹூ கம்பெனியோடு ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டது. 2017ல் அதையும் முறித்துக்கொண்டு கூகுளிடமே திரும்பி வந்தது. ஓட்டல் மாறினாலும் பிழைப்பு மாறவில்லை.

இப்போது ஆலைத் தோழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்துக்கு வருவோம். ஆட்குறைப்பு!

2020 ஜனவரியில் மொஸில்லா சுமார் 70 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே வருஷம் ஆகஸ்டில், கொரோனா நடுவில், இன்னும் சுமார் 250 பேர். நாலில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2024 நவம்பரில் அறக்கட்டளைப் பிரிவில் நூற்றுக்கு முப்பது பேர் போனார்கள். அந்த நாட்களில் தலைமை நிர்வாகியின் சம்பளம் எவ்வளவு? அவர்களே சர்க்காருக்குக் கொடுத்த கணக்கின்படி 2018ல் 24 லட்சம் டாலர் சுமார். 2022ல் 69 லட்சம் டாலர் சுமார். பயணிகள் குறைகிறார்கள், தொழிலாளிகள் குறைகிறார்கள், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் சம்பளம் மட்டும் ஏறுகிறது! "லாப நோக்கமில்லாத ஸ்தாபனம்" என்ற போர்டைப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை படிக்கட்டும். முதலாளி என்று ஒருவர் இல்லாத இடத்திலும் முதலாளித்துவச் சம்பளப் பட்டியல் இருக்க முடியும்.

ஏன் இப்படி ஆகிறது? வருமானம் பயணியிடமிருந்து வந்தால் நிர்வாகம் பயணியின் முகத்தைப் பார்க்கும். சேர்ந்து உழைத்தவர்களின் சந்தாவிலிருந்து வந்தால் அவர்களுக்குக் கணக்குச் சொல்லும். ஓட்டல்காரர் ஒருவரிடமிருந்தே வந்தால், வருஷம் ஒரு தடவை அவரோடு பேசி ஒப்பந்தத்தைக் காப்பாற்றுகிறவர்தான் அந்த வீட்டில் பெரிய ஆளாகிவிடுகிறார். மெஷின் பக்கத்தில் நிற்பவனுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்?

2020ல் வெளியேற்றப்பட்டவர்களில் செர்வோ என்ற புதிய உலாவி எந்திரத்தைச் செய்துகொண்டிருந்த குழுவும் உண்டு. எதிர்காலத்துக்கான எந்திரம் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அம்போவென்று விட்டார்கள். அந்த வேலை செத்துப்போய்விடவில்லை. வரைபடம்தான் சுவரில் ஒட்டியிருக்கிறதே! 2023 முதல் இகாலியா என்ற ஸ்தாபனம் அதை எடுத்து நடத்துகிறது. ஸ்பெயின் தேசத்தில் கலீசியா பகுதியில் உள்ள இகாலியா, வேலை செய்கிறவர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு. அவர்களும் பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்த வேலை செய்துதான் பிழைக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது என்று வேலை செய்கிறவர்கள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். கோடி கோடியாக வாங்கியவர்கள் கைவிட்ட பிள்ளையைக் கூட்டுறவுத் தொழிலாளர்கள் தூக்கி வளர்க்கிறார்கள்.

மொஸில்லாவைத் திட்டுவதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. கூகுளிடம் பணம் வாங்கியும் அது முழு அடிமையாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயணி எங்கெல்லாம் போகிறான் என்று பின்தொடரும் ஒற்றர்களைத் தடுக்கும் ஏற்பாட்டை 2019 செப்டம்பரில் ஃபயர்பாக்ஸ் எல்லாருக்கும் தானாகவே போட்டுக் கொடுத்தது. விளம்பரங்களை மறிக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற இலவசக் கருவி, குரோமில் 2024, 2025ல் கூகுள் கொண்டுவந்த புது விதிகளால் முன்போல வேலை செய்ய முடியாமல் போயிற்று. ஃபயர்பாக்ஸில் அது இன்றும் முழு பலத்தோடு ஓடுகிறது. ஓட்டல்காரர் நடத்தும் பஸ்ஸில், ஓட்டலைத் தாண்டிப் போகலாமா என்று கேட்டால் கிளீனர் முறைக்கிறார். பொது வண்டியில் இன்னும் அப்படி இல்லை. அதனால்தான் இந்த வண்டி ஓட வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். அதனால்தான் இதற்கு யார் டீசல் போடுகிறார் என்பது நம் கவலையாகிறது.

அந்தக் கவலை வீண் கவலையல்ல. 2024 ஜூனில் மொஸில்லா அனானிம் என்ற விளம்பர அளவீட்டுக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. ஃபேஸ்புக் நடத்தும் மெட்டா கம்பெனியில் முன்பு பெரிய பதவியில் இருந்தவர்கள் ஆரம்பித்த கம்பெனி அது. அடுத்த மாதமே ஃபயர்பாக்ஸில், எந்த விளம்பரம் எவ்வளவு பலன் கொடுத்தது என்று விளம்பரக்காரர்கள் அளப்பதற்கு ஓர் ஏற்பாடு வந்தது. ஆளை அடையாளம் காட்டாமல் அளக்கிறோம் என்றார்கள். இருக்கட்டும். ஆனால் பயணியைக் கேட்காமலே அதைத் திறந்து வைத்துவிட்டார்கள். ஆஸ்திரியாவில் உள்ள நாய்ப் என்ற உரிமைப் பாதுகாப்பு அமைப்பு 2024 செப்டம்பரில் இதற்கு எதிராகப் புகார் கொடுத்தது. 2025 பிப்ரவரியில், உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம் என்று முன்பு கொடுத்திருந்த வாக்குறுதியை மொஸில்லா எடுத்துவிட்டது. சட்டத்தில் "விற்பனை" என்ற சொல்லுக்கு அர்த்தம் விரிந்துபோய்விட்டது என்று சமாதானமும் சொன்னது. மளிகைக் கடைக்காரர் "எடை குறையாது" என்ற போர்டைக் கழற்றிவிட்டு, "எடை என்ற சொல்லுக்கு இப்போது பல அர்த்தம் உண்டு" என்று சொன்னால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் ஜனங்கள் பார்த்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை அமெரிக்கக் கோர்ட்டில் நடந்தது.

2020 அக்டோபரில் அமெரிக்க சர்க்கார் கூகுள்மீது ஏகபோக வழக்குப் போட்டது. 2021ம் வருஷத்தில் மட்டும், தன் தேடலை முன்னால் வைப்பதற்காகக் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது என்பது அந்த வழக்கில்தான் வெளிவந்தது. 2022ல் ஆப்பிள் கம்பெனிக்கு மட்டும் 2,000 கோடி டாலர். இந்தப் பந்தியில் மொஸில்லாவுக்கு விழுந்தது ஓரத்து இலையில் ஒரு கரண்டி. 2024 ஆகஸ்ட் 5ந் தேதி நீதிபதி அமித் மேத்தா, தேடல் துறையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்புக் கூறினார். அடுத்து, பரிகாரம் என்ன என்ற விசாரணை. இப்படிப் பணம் கொடுப்பதையே தடுக்க வேண்டும் என்று சர்க்கார் தரப்பு கேட்டது.

2025 மே மாதம் மொஸில்லாவின் நிதி அதிகாரி கூண்டில் ஏறினார். என்ன சொன்னார்? அந்தப் பணத்தை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் ஃபயர்பாக்ஸ் அழிந்துபோகும் என்று சாட்சி சொன்னார். ஸ்தாபனத்தின் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு ஃபயர்பாக்ஸிலிருந்தும், அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து கூகுளிடமிருந்தும் வருகிறது என்று கணக்கும் கொடுத்தார்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, இந்தக் காட்சியை நீங்கள் பார்த்ததில்லையா? மிராசுதார் மீது வழக்கு. பண்ணையாள் சாட்சிக்கு வருகிறான். "எசமான் இல்லேன்னா எங்களுக்கு ஏதுங்க சோறு?" என்று கும்பிட்டுச் சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் அடுப்பு எரிவது அந்தக் களத்து நெல்லில்தான். அவனை அப்படி நிறுத்தி வைத்ததுதான் மிராசுதாரின் முழு சாமர்த்தியமும். ஏகபோகத்தை எதிர்க்கவென்று பிறந்த ஸ்தாபனம், ஏகபோகத்தின் கைப்பணம் நிற்கக் கூடாதென்று கோர்ட்டில் வாதாடும் நிலைக்கு வந்து சேர இருபது வருஷம் ஆயிற்று.

2025 செப்டம்பர் 2ந் தேதி நீதிபதி தம் உத்தரவை வெளியிட்டார். கூகுள் பணம் கொடுக்கலாம். ஆனால் "என்னை மட்டுமே வைக்க வேண்டும்" என்று தனியுரிமை ஒப்பந்தம் போடக் கூடாது என்றார். பணத்தை அடியோடு நிறுத்தினால் வாங்கிப் பழகியவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

"எல்லாம் சரி, வேறு வழி என்ன இருக்கிறது? பணம் இல்லாமல் ஸ்தாபனம் நடக்குமா?" என்று ஒரு தோழர் ஆலை கேட்டில் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. சங்கத்தையே நாலணா, எட்டணா சந்தாவில் வளர்த்தவர்கள் வம்சம் நாம். பணத்தின் அருமை நமக்குத் தெரியாதா?

மொஸில்லாவின் வீட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. தண்டர்பேர்ட் என்று ஒரு மின்னஞ்சல் மென்பொருள். அதில் தேடல் பெட்டி வியாபாரம் இல்லை, விளம்பர வருமானம் இல்லை. ஆகவே 2012ல் இனி இதில் பெரிதாகச் செலவிட மாட்டோம் என்று மொஸில்லா கையை விரித்தது. தொண்டர்கள் விடவில்லை. பயன்படுத்துகிறவர்களிடமே நேராகப் போய், இது உங்களுடையது, பிழைக்க வேண்டுமானால் கொடுங்கள் என்று கேட்டார்கள். 2022ல் வசூலான நன்கொடை 60 லட்சம் டாலருக்கு மேல்! சமையல்கட்டுக்கு வெளியே தள்ளின பிள்ளை சொந்தக் காலில் நிற்கிறான். பந்தியில் உட்கார வைத்த பிள்ளை இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. விக்கிப்பீடியா எல்லாருக்கும் தெரியும். 2002ன் தொடக்கத்தில் அதில் விளம்பரம் போடலாமா என்ற பேச்சு அடிபட்டது. ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருந்த தொண்டர்கள் கொதித்துப்போனார்கள். நாங்கள் கூலி வாங்காமல் எழுதுவோம். அதன்மேல் ஒருவன் கடை பரப்பி லாபம் பார்ப்பானா என்று கேட்டார்கள். அந்த பிப்ரவரியிலேயே பெரும்பாலானவர்கள் எழுதியதையெல்லாம் எடுத்துக்கொண்டு வெளியேறி, செவில் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். சம்பளமே இல்லாத தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம்! அதே வருஷத்தில் விக்கிப்பீடியா வியாபார முகவரியை விட்டுப் பொது ஸ்தாபன முகவரிக்கு மாறியது. இன்றுவரை அதில் விளம்பரம் கிடையாது. வாசகர்களின் சிறு நன்கொடையில் நடக்கிறது. உட்கார்ந்து கடிதம் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா?

விளம்பரத்தை உள்ளே விட்டவர்கள் கதி என்ன? சோர்ஸ்ஃபோர்ஜ் என்று ஒரு பெரிய கிடங்கு இருந்தது. உலகத்துத் திறந்த மூல மென்பொருட்கள் பலவும் அங்கேதான் கிடைக்கும். 2013ல் அதை நடத்தியவர்கள், மென்பொருளை இறக்கிக்கொள்கிறவர்களின் கம்ப்யூட்டரில் விளம்பரச் சரக்கையும் சேர்த்து ஏற்றும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். படம் வரையும் கிம்ப் என்ற மென்பொருளின் தொழிலாளர்கள் அந்த வருஷமே வெளியேறினார்கள். 2015ல் கிடங்குக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போனவர்களின் பெயரிலேயே கிம்பை வைத்து அதில் விளம்பரச் சரக்கைக் கட்டிக் கொடுத்தார்கள். பெயர் கெட்டு, 2016ல் கிடங்கு கைமாறியது. புதிதாக வந்தவர்கள் முதலில் செய்த வேலை அந்தத் திட்டத்தைக் குப்பையில் போட்டதுதான்.

நன்கொடை ஒன்றே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்று ஒரு மென்பொருள். பாங்கிக் கணக்குக்கும் கடைக் கணக்குக்கும் இணையத்தில் பூட்டுப் போடுவது அது. 2014ல் அதில் பெரிய ஓட்டை இருப்பது தெரிந்து உலகமே பதறியது. அப்போதுதான், அந்தப் பூட்டைச் செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு வரும் நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்ற செய்தியும் வெளிவந்தது. உலகத்துக் கோடீஸ்வரர்களின் பெட்டியெல்லாம் அந்தப் பூட்டில். கொல்லனுக்குக் கொடுத்தது டீச்செலவு! கண்ணுக்குத் தெரிகிற வண்டிக்கு ஜனங்கள் கொடுப்பார்கள். தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்க்கு யார் உண்டியல் குலுக்குவது?

ஆகவே சர்க்கார் பணம் வந்தாக வேண்டும். ரோட்டுக்கும் ஏரி மதகுக்கும் யாரும் விளம்பரப் பங்குதாரரைத் தேடுவதில்லை. ஜெர்மன் சர்க்கார் 2022ல் இதற்கென்றே ஒரு நிதி ஏற்படுத்தி, பொதுவில் எல்லாரும் நம்பியிருக்கும் திறந்த மூல மென்பொருட்களைப் பராமரிக்கிறவர்களுக்குப் பணம் கொடுத்து வருகிறது. 2023ல் க்னோம் என்ற அமைப்புக்கு மட்டும் 10 லட்சம் யூரோ கிடைத்தது. அது முதலாளித்துவ சர்க்கார்தான். அவர்களுக்கே கணக்குத் தெரிகிறது.

நம் நாட்டில்? மத்திய சர்க்கார் 2015லேயே, அரசாங்க வேலைகளுக்குத் திறந்த மூல மென்பொருளை முன்வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கொள்கை வெளியிட்டது. கேரளத்தின் பொதுப் பள்ளிகளில் பல வருஷமாகப் பிள்ளைகள் சுதந்திர மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். எடுத்துக்கொள்கிறோம், நல்லது. மேல்நாட்டுக் கம்பெனிக்குக் கட்டாமல் மிச்சமாகும் லைசென்ஸ் பணத்தில் நூற்றுக்கு ஐந்தாவது அதைச் செய்கிறவர்களுக்கும், தமிழில் ஆக்குகிற தொண்டர்களுக்கும் போகட்டும் என்று கேட்கிறேன். பொதுக் கிணற்றில் இறைக்கிறவன் தூர்வாரும்போது ஒரு நாள் உடம்பு வளைத்துக் கொடுக்க வேண்டாமா?

விளம்பரக்காரன் பணத்தை ஒரு நாளும் தொடாதே என்று நான் விரதம் போதிக்கவில்லை. பத்துப் பேரிடம் வாங்கினால், ஒருவன் முகத்தைச் சுளித்தாலும் ஒன்பது பேர் இருப்பார்கள். பயணிகள் கொடுப்பது பாதிக்கு மேல் இருந்தால் ஓட்டல்காரரிடம் தலை நிமிர்ந்து விலை பேசலாம். நூற்றுக்கு எண்பத்தைந்து ஒரே கையிலிருந்து வாங்குகிறவன் பேச முடியாது. அவனுக்கு வேறு சாட்சி சொல்லவும் வராது.

கேட்டில் என்னை மடக்கிய தோழர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தன் போனை நீட்டி, "இதில் எந்த ஓட்டல் வாசலில் நிற்கிறது, எங்கே மாற்றுவது, காட்டுங்கள்" என்றார். ஷிப்டு சங்கு ஊத இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அமைப்புகள் என்ற இடத்தில் போய்த் தேடுபொறி என்பதைத் தொட்டோம். வேறு நாலைந்து பெயர்கள் அங்கேயே வரிசையாக இருந்தன. மூன்று வருஷமாக அந்தப் போனை வைத்திருக்கிறார்; அந்த வரிசையை அன்றைக்குத்தான் பார்த்தார்.